ஒரே மாத்திரை, வேறோர் உடல்

குருதிப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் என்ற சொல்லுக்கு நேரே 1.0 என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் இயல்பளவின் எல்லைகள் இருந்தன. எண் அவ்வெல்லைக்குள் அடங்கியதால் தடித்த எழுத்தோ உடுக்குறியோ இல்லை. அந்தத் தாள் என் பெரியம்மாவுடையது. அப்போது அவருக்கு வயது 80, எடை 45 கிலோ. அதே மாதம், வேலையில் சேரும்முன் உடற்பரிசோதனை செய்துகொண்ட எங்கள் உறவுப் பையன் ஒருவனுக்கும் அதே 1.0 வந்திருந்தது. அவனுக்கு வயது 30, எடை 70 கிலோ. இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் இருவர் சிறுநீரகங்களும் ஒன்றுபோல் உழைப்பதாகவே எண்ணுவர். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

கிரியேட்டினின் என்பது தசை நாள்தோறும் உண்டாக்கும் கழிவு. அதை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. ஆகவே குருதியில் அது மிகுந்தால் சிறுநீரகம் தளர்ந்தது என்று கொள்கிறோம். இளைஞர்களிடத்தில் இக்கணக்கு பெரும்பாலும் பொருந்தும். முதுமையிலோ தசை வற்றுகிறது. தசை வற்ற, அது உண்டாக்கும் கழிவும் குறைகிறது. வரத்து வாய்க்காலில் நீர் குறைந்துபோன ஏரியில் மதகு பாதி அடைபட்டாலும் நீர்மட்டம் உயர்வதில்லை. கரையில் நின்று மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு மதகு சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இந்த மயக்கத்தைத் தீர்க்க 1976இல் கனடாவின் மருத்துவர்கள் காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் ஓர் எளிய வாய்பாட்டை வெளியிட்டனர். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண்ணாயின் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் குருதிநீரைத் தூய்மையாக்குகிறது என்பதன் மதிப்பீடு. பையனுக்கு அது 107. பெரியம்மாவுக்கு 32. ஒரே 1.0 என்னும் எண்ணுக்குப் பின்னால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான திறன் ஒளிந்திருந்தது. சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து எதுவாயினும், பையன் உடலைவிட அவர் உடலில் நெடுநேரம் தங்கும். அடுத்த வேளை மாத்திரை, முந்தைய வேளையின் மிச்சத்தின்மேல் போய் அமரும்.

வயது ஒன்றே தீர்ப்பு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் 1958இல் தொடங்கிய நெடுங்கால முதுமை ஆய்வு, உடல்நலமுள்ளோர் பலரைப் பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் அளந்தது. சராசரியாக ஆண்டுக்கு நிமிடத்துக்கு 0.75 மில்லிலிட்டர் என்ற அளவில் வடிதிறன் இறங்கியது. ஆயினும் ஆய்வுக்கு உட்பட்டோரில் மூன்றில் ஒருவருக்கு இறக்கமே காணப்படவில்லை. எழுபதில் முப்பதின் சிறுநீரகம் உடையவர் உண்டு. அறுபதிலேயே அது பாதியானவரும் உண்டு. முகத்தைப் பார்த்து இதை அறிய முடியாது. கணக்கிட்டே அறிய வேண்டும்.

சிறுநீரகம் வெளியேறும் வாயில் மட்டுமே. மருந்து கடக்கும் மற்ற இடங்களும் முதுமையில் மாறிவிடுகின்றன. கல்லீரல் சுருங்கி, அதனுள் பாயும் குருதியும் குறைகிறது. மருந்தைச் சிதைக்கும் வேலை மெதுவாகிறது. உடலில் நீர்ப்பங்கு குறைந்து கொழுப்புப் பங்கு கூடுகிறது. நீரில் கரையும் மருந்து சிறிய குடத்தில் கலந்ததுபோல் செறிவடைகிறது. கொழுப்பில் கரையும் மருந்து கொழுப்பினுள் பதுங்கிச் சிறுகச் சிறுகக் கசிகிறது. உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் டையசிபாம் இதற்குத் தெளிவான சான்று. குருதியில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலத்தை அரைவாழ்வு என்கிறோம். அது இருபது வயதில் ஏறத்தாழ 20 மணி நேரம். எண்பது வயதில் ஏறத்தாழ 90 மணி நேரம். திங்கள் இரவு போட்ட மாத்திரையில் பாதி வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் முதியவர் உடலில் இருக்கிறது. இதற்கிடையே செவ்வாய், புதன், வியாழன் இரவு மாத்திரைகளும் வந்து சேர்ந்திருக்கும்.

மூளையும் மருந்தை வேறுவிதமாக ஏற்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் கேட்டவுடன் கடையில் கிடைக்கும் குளோர்பெனிரமின் இளைஞனுக்குச் சிறு தூக்கத்தைத் தரும். எண்பது வயதினருக்கோ அதுவே இரவில் சுவரில் ஆள் நிற்பதாகத் தோன்றும் மனக்குழப்பத்தையும், சிறுநீர் கட்டிக்கொள்வதையும், மலச்சிக்கலையும் தரக்கூடும். "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று வீட்டார் சொல்லிவிடுவர். தடுமாற்றம் தொடங்கிய நாளையும் புதிய மாத்திரை வந்த நாளையும் நாட்காட்டியில் சேர்த்துப் பார்ப்போர் அரியர்.

இவை யாவும் ஏட்டறிவாக மட்டும் நின்ற காலம் ஒன்று இருந்தது. மூட்டுவலிக்கென்று பெனாக்சாப்ரோஃபென் என்னும் மருந்து 1980இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. நாளைக்கு ஒரு முறை விழுங்கினால் போதும் என்பது அதன் பெருமை. மூட்டுவலி முதியோரைப் பெரிதும் வாட்டும் நோய். அம்மருந்தின் செய்முறை ஆய்வுகள் நடந்ததோ பெரும்பாலும் வயதில் இளையோரிடம். இளையோரில் ஏறத்தாழ 30 மணி நேரமாக இருந்த அதன் அரைவாழ்வு, முதியோரில் 100 மணி நேரத்தைத் தாண்டியது. நாள்தோறும் ஒன்றாக விழுங்கியது உள்ளே மலையாகக் குவிந்தது. முதியோர் பலர் மஞ்சள் காமாலைக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் இரையாயினர். 1982 ஆகஸ்டில் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. யார் உண்ணப்போகிறாரோ அவரிடமே ஒரு மருந்தை ஆராய்ந்து பார்க்காததன் விலை அது. இன்றும் பல ஆய்வுகள் எழுபத்தைந்தைத் தாண்டியோரையும், நாலைந்து நோய்கள் சேர்ந்திருப்போரையும் வாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றன. பின்பு அம்முடிவுகளைக் கொண்டு அவர்களுக்கே மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது. இதை அறிவியலின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

பெரியம்மாவின் மாத்திரைகள் ஒரு பழைய அஞ்சறைப் பெட்டியில் இருந்தன. கடுகு இருந்த கிண்ணத்தில் சர்க்கரை மாத்திரை, சீரகக் கிண்ணத்தில் குருதியழுத்த மாத்திரை, வெந்தயக் கிண்ணத்தில் மூட்டுவலிக்கு உரியது. அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கிப் போட்டு வைப்பார். பெயர் ஒரு துண்டிலும் காலாவதி நாள் இன்னொரு துண்டிலும் போய்விடும். பெரும்பாலான துண்டுகளில் எழுத்தே இராது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. "காலையில வெள்ளை ரெண்டு, ராத்திரி ரோஸ் ஒண்ணு" என்பதே அவர் மருந்து நூல்.

சில ஆண்டுகளுக்கு முன் சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் இருந்து வீடு திரும்பினார். புதிய சீட்டும் புதிய மாத்திரைகளும் வந்தன. பழைய பெட்டியை எவரும் திறந்து பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் விடியலில் படுக்கை நனைய வியர்த்து, என்னை என் தந்தையின் பெயரால் அழைத்து, எங்கோ பயணம் புறப்பட வேண்டும் என்றார். முதுமையின் மறதி என்றே முதலில் அஞ்சினோம். பக்கத்து வீட்டுச் செவிலி விரல் நுனியில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 41. சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக் கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற பின்னும் அன்று முழுவதும் சர்க்கரை மீண்டும் மீண்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

கடுகுக் கிண்ணத்தில் இருந்த வெள்ளை மாத்திரையும் புதிய அட்டையில் வந்த மாத்திரையும் ஒரே மருந்து: கிளிபென்கிளமைடு. நிறுவனங்கள் வேறு, வணிகப் பெயர்கள் வேறு, நிறமும் வேறு. இரண்டையும் அவர் ஒழுங்காக விழுங்கியிருந்தார். "டாக்டர் எழுதிக் குடுத்ததத்தானடா போட்டேன்" என்று கலங்கினார். அவர்மீது ஒரு குற்றமும் இல்லை. அட்டையில் வணிகப் பெயர் பெரிதாகவும் மருந்தின் உண்மைப் பெயர் எறும்பு எழுத்திலும், அதுவும் அவர் படிக்கவியலாத மொழியிலும் இருந்தன.

கிளிபென்கிளமைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. அதன் தாக்கம் ஒரு நாள் வரை நீளும். கல்லீரல் அதை மாற்றி உண்டாக்கும் பொருள்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. அவை வெளியேறுவது சிறுநீரகம் வழியே. நிமிடத்துக்கு 32 மில்லிலிட்டர் வடிக்கும் சிறுநீரகத்தில் அவை தேங்குவதில் வியப்பில்லை. மேலும், சர்க்கரை இறங்கும்போது இளைஞனுக்கு வரும் நடுக்கமும் படபடப்பும் முதியவருக்குத் தெளிவாக வருவதில்லை. நேரே குழப்பம் வருகிறது. அதைப் பிறர் முதுமையென்றே வாசிக்கின்றனர். மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர் 1991இல், முதியோர் இல்லங்களில் வாழ்வோர்க்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளைப் பட்டியலிட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகம் காலந்தோறும் அதைப் புதுப்பித்து வருகிறது, 2023இலும் புதுப்பித்தது. தவிர்க்க வேண்டியவற்றுள் கிளிபென்கிளமைடும் ஒன்று. அப்பட்டியலைத் தமிழில் அச்சிட்டு மருந்துக் கடைதோறும் தொங்கவிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அந்நிகழ்வுக்குப் பின் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். வரும்போது சீட்டுகளை மட்டும் கொண்டுவர வேண்டாம், வீட்டில் உள்ள மாத்திரை, தைலம், சூரணம் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்றார். அஞ்சறைப் பெட்டியும் புதிய பையும் மேசைமேல் கவிழ்ந்தன. வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாக வரிசையிட்டார். பதினொரு வகை மாத்திரைகள், மருந்துகள் பத்து. பிறகு ஒவ்வொன்றையும் தொட்டு, இது எப்போது வந்தது, எதற்காக வந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு கதை அவிழ்ந்தது.

குருதியழுத்தத்துக்கு அம்லோடிபின் தந்திருந்தனர், நல்ல மருந்துதான். அளவு 10 மில்லிகிராம் ஆனதும் கணுக்கால் வீங்கியது. அம்மருந்து சிறு தமனிகளைத் தளர்த்துவதால் நீர் திசுக்களுள் கசிந்து காலில் தங்குவது அறிந்த விளைவே. வேறொரு மருத்துவர் வீக்கத்தைக் கண்டு நீர் பிரியும் மருந்தாகிய ஃபுரோசிமைடு எழுதினார். நீர் வற்றியதால் எழுந்து நின்றால் தலை சுற்றியது. சுற்றலுக்குப் புரோகுளோர்பெரசின் வந்தது. அதை மாதக்கணக்கில் உண்டதில் கைநடுக்கமும் நடைத்தளர்ச்சியும் தோன்றின. மூளையில் டோபமினின் வேலையைத் தடுக்கும் மருந்து அது, பார்க்கின்சன் நோயின் சாயலை அப்படியே வரைந்துவிடும். நடுக்கத்துக்கு நரம்பு மருத்துவரைப் பார்க்க நாள் குறித்து வைத்திருந்தோம். அங்குச் சென்றிருந்தால் நான்காவது மருந்தும் வந்திருக்கக்கூடும். முதல் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தால் பின்வந்த இரண்டுக்கும் வேலையே இராது. ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயாகக் கருதி இன்னொரு மருந்து தரும் இந்தச் சங்கிலியை 1990களில் பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற மருத்துவர்கள் தெளிவாக எடுத்துரைத்தனர். முதியவருக்குப் புதிதாக எது தோன்றினாலும், அது மருந்தின் வேலை இல்லை என்று உறுதியாகும்வரை மருந்தையே ஐயுற வேண்டும் என்பது இத்துறையினரின் நெறி. ஒவ்வொரு மருத்துவரும் தம் கண்முன் இருந்த தொல்லைக்குச் சரியான மருந்தையே எழுதியிருந்தார். முழு வரிசையையும் ஒருசேரப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வெந்தயக் கிண்ணத்து டைக்ளோஃபெனக்கைக் கண்டதும் மருத்துவர் முகம் மாறியது. எந்தச் சீட்டிலும் அது இல்லை. "முட்டி வலிக்குதுன்னா கடையில குடுப்பாங்க" என்றார் பெரியம்மா. நம் ஊர்களில் உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை என்று கேட்டால், மூன்று நான்கு மாத்திரைகளைச் சிறு காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தருவது வழக்கம். அதில் வலி மாத்திரை ஒன்று உறுதியாக இருக்கும். சிறுநீரக வடிகட்டிக்குள் குருதி நுழையும் குழலை அது இறுக்குகிறது. குருதியழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில் வெளியேறும் குழலைத் தளர்த்துகிறது. நீர் பிரியும் மருந்து ஓடும் குருதியின் அளவையே குறைக்கிறது. மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் வடிகட்டிக்குள் அழுத்தம் வீழ்ந்து, வாந்தி பேதி வந்த ஒரு கோடை நாளில் சிறுநீரகம் நின்றுவிடக்கூடும். பெரியம்மாவின் பெட்டியில் மூன்றும் இருந்தன. போதாக்குறைக்கு அவ்வலி மாத்திரையே குருதியழுத்தத்தையும் ஏற்றும்; அம்லோடிபின் பத்தானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரைகளைத் தூக்கி எறிவோர் உளர். அது இன்னும் பெரிய தீங்கு. எண்பது வயதைக் கடந்த 3,845 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, குருதியழுத்த மருந்து உண்டோரில் மொத்த இறப்பு 21 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. பக்கவாதமும் குறைந்தது. எண்பதுக்குமேல் மருந்தெதற்கு என்ற அலட்சியத்துக்கு அதுவே விடை. சில மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே கேடு. உறக்க மருந்து, வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, இதயத்துடிப்பை அடக்கும் மருந்து ஆகியவற்றைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அதையும் மருத்துவர் செய்ய வேண்டும்.

ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கும், இதயக் குழலில் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அது காவலன். எதுவுமே வராதவர், வராமல் இருக்கட்டும் என்று நாள்தோறும் உண்பது வேறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியோரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அவர்களுள் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். நாளைக்கு 100 மில்லிகிராம் உண்டோர், உண்ணாதோரைவிட உடல்தளராது நெடிது வாழவில்லை. பெருங்குருதிப்போக்கு மட்டும் மிகுந்தது. பெரியம்மாவுக்கு மாரடைப்பு வந்ததில்லை. யாரோ எப்போதோ எழுதிய ஆஸ்பிரின் பதினாறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது.

இரவுத் தூக்கத்துக்கான அல்பிரசோலத்தை விடச் சொன்னபோதுதான் அவர் எதிர்த்தார். எதிர்ப்பு இயல்பானதே, ஒன்பது ஆண்டுப் பழக்கம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் முப்பது மருந்துக் கடைகள் வழியே நடந்த ஓர் ஆய்வு இவ்விடத்தில் என் நினைவுக்கு வரும். நெடுநாள் உறக்க மாத்திரை உண்ட முதியோருக்கு அஞ்சலில் ஒரு சிறு நூல் அனுப்பினர். அம்மாத்திரை விழுவதற்கும் மறதிக்கும் எவ்வாறு வழியாகிறது, பல வாரங்களில் அதை எவ்வாறு குறைப்பது என்பதை எளிய சொற்களில் சொல்லும் நூல் அது. ஆறு மாதத்தில் நூல் பெற்றோரில் 27 விழுக்காட்டினர் மாத்திரையை விட்டிருந்தனர். பெறாதோரில் 5 விழுக்காடு. முதியவரிடம் காரணத்தைச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்கிறார். அவரை வைத்துக்கொண்டே மகனிடமும் மருமகளிடமும் பேசிவிட்டு அனுப்பும் நம் வழக்கம் எனக்கு ஆற்றாமை தருவது.

2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்திருந்தனர். முதியோர் மருத்துவத்தில் இம்மாநிலம் பின்தங்கியதும் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் வி. எஸ். நடராசன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் முதியோர் மருத்துவத்துக்கு மேற்படிப்பும் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலான முதியோர் அவ்வளவு தொலைவு வரமாட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் குருதியழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுபோகிறது. எனக்கு அத்திட்டத்தில் மிகப் பெரியதாகத் தோன்றுவது அந்த வாயிற்படிதான். மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் ஒருவரே பெரும்பாலும் அந்த வீட்டின் அஞ்சறைப் பெட்டி இருக்கும் தொலைவுக்கு வருகிறார். கொடுப்பதோடு, இருப்பதைத் திறந்து பார்த்து எழுதிக்கொண்டு போகவும், அதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் ஒருமுறை வாசிக்கவும் வழி செய்தால் எத்தனையோ விடியல்கள் கலங்காமல் கழியும்.

மருத்துவர் பெரியம்மாவை அமர வைத்துக் குருதியழுத்தம் பார்த்தார்: 146. எழுந்து நிற்கச் சொல்லி, மூன்று நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தார்: 118. நின்றதும் 20 புள்ளிகள் இறங்கினாலே எச்சரிக்கை, இங்கு 28. இரவில் கழிவறைக்கு எழுந்தபோது இரு முறை விழுந்ததை அப்போதுதான் எங்களிடம் சொன்னார். கிளிபென்கிளமைடும் டைக்ளோஃபெனக்கும் அன்றே நின்றன. முட்டிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் வலிக்கும்போது. அம்லோடிபின் பாதியானது, வீக்கம் வடிந்ததும் ஃபுரோசிமைடு போயிற்று, புரோகுளோர்பெரசினும் ஆஸ்பிரினும் போயின. வலி மாத்திரையிலிருந்து வயிற்றைக் காக்க வந்த பாண்டோபிரசோலுக்குக் காக்க ஏதும் இல்லாமல் அதுவும் போயிற்று. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அளவைச் சிறுநீரகத்துக்கு ஏற்பக் குறைத்தார். அல்பிரசோலம் கால் மாத்திரையாகக் குறைந்து குறைந்து பதினான்காம் வாரம் முடிந்தது. கைநடுக்கம் நிற்க நான்கு மாதம் ஆயிற்று.

முழு அட்டைகள் மட்டுமே வீட்டுக்குள் வர வேண்டும், நறுக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. ஒரே ஒரு தாளில் மருந்தின் உண்மைப் பெயர், எதற்காக, எவ்வேளை என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதை நீட்டச் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து மீண்டும் குருதிப் பரிசோதனை. கிரியேட்டினினுக்கு நேரே இம்முறையும் 1.0தான். மருத்துவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் எடையைக் கேட்டு, ஓரத்தில் கணக்குப் போட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 32 என்று எழுதி வட்டமிட்டார்.